உத்தமபாளையத்தில் ஒரு பிறந்த நாள்

பிறந்த நாள் கொண்டாடும் வழக்கம் நமக்குப் புதியதன்று. மெழுகுவத்தியையும் இனிப்பு அப்பத்தையும் மேல்நாட்டாரிடமிருந்து நாம் கற்றுக்கொண்டிருக்கலாம். பிறந்த நாளைச் சிறப்பிக்கும் எண்ணத்தை அவர்களிடமிருந்து கற்கவில்லை. தொல்காப்பியர் அரசனுக்குரிய சிறப்புகளைத் தொகுத்துரைக்கும் இடத்தில் பிறந்த நாள் விழாவைப் பெருமங்கலம் என்னும் பெயரால் குறிக்கிறார். அந்நாளில் அரசன் வெள்ளாடை அணிவான் என்றும், சினம் தவிர்வான் என்றும், சிறையிலிருப்போரை விடுவிப்பான் என்றும் பழைய உரைகளால் அறிகிறோம். தஞ்சைப் பெருங்கோயிலில் முதலாம் இராசராசன் பிறந்த சதய நாள் விழாவாக நடைபெற்றதைக் கல்வெட்டுகள் தெரிவிக்கின்றன. அவன் மைந்தன் இராசேந்திரன் பிறந்த ஆடித் திருவாதிரையும் அவ்வாறே கல்லில் இடம்பெற்றது.

ஆயினும் இவையெல்லாம் அரசர் பிறந்த நாட்கள். ஆளும் மன்னனின் நாளைக் குடிகள் கொண்டாடுவதில் வியப்பில்லை. படையும் செங்கோலும் போய்விட்டபின், ஆட்சியே மாறிவிட்டபின், வேற்று நாட்டில் மண்ணுக்குள் உறங்கும் ஒருவருடைய பிறந்த நாளை உழவர் தம் வீட்டு முற்றத்தில் பொங்கலிட்டுக் கொண்டாடுகிறார்கள் என்றால் அஃது எண்ணிப் பார்க்கத்தக்கது. அத்தகைய பிறந்த நாள் ஒன்று தேனி மாவட்டத்தில் ஆண்டுதோறும் சனவரி 15-ஆம் நாள் வருகிறது. அது கர்னல் ஜான் பென்னிகுக் பிறந்த நாள்.

கம்பம் பள்ளத்தாக்கை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்த்திராதவர்களுக்காகச் சில சொற்கள் சொல்கிறேன். மேற்கே மலைத்தொடர், கிழக்கேயும் மலைகள், இடையே பச்சைப்பட்டு விரித்தாற்போல் நெல்வயல்கள், வாழைத் தோட்டங்கள், பன்னீர்த் திராட்சைப் பந்தல்கள். நடுவே முல்லையாறு செல்கிறது. அந்த ஆற்றங்கரையில் அமைந்த ஊர்தான் உத்தமபாளையம். 1996-இல் மதுரை மாவட்டத்திலிருந்து தேனி மாவட்டம் பிரிக்கப்பட்டது. அம்மாவட்டத்தில் வட்டத் தலைநகராக விளங்குவது இவ்வூர்.

ஊர் சிறிதாயினும் வரலாறு சிறிதன்று. ஊரை ஒட்டிய பாறையில் சமண தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இங்கே அருகனை வணங்கினோர் வாழ்ந்தனர் என்பதற்கு அவை சான்று. தென்காளத்தி என்று போற்றப்படும் காளாத்தீசுவரர் கோயிலும் இங்கே உண்டு. 1956-இல் தொடங்கிய ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி எல்லாச் சமயத்துப் பிள்ளைகளுக்கும் கல்வி தந்து வருகிறது. சற்றுத் தொலைவில் இராயப்பன்பட்டியில் மாதா கோயில் மணி ஒலிக்கிறது. ஆற்று நீர் எந்தச் சமயத்தான் வயல் என்று கேட்டுப் பாய்வதில்லை. அந்நீரைக் குடித்து வளர்ந்த ஊரும் பெரும்பாலும் அவ்வாறே வாழ்ந்து வந்திருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் இவ்வூரை அடுத்த ஓர் உழவர் வீட்டுக்கு அழைக்கப்பட்டுச் சென்றிருந்தேன். அவ்வாண்டு சனவரி 15-ஆம் நாளே பொங்கல் திருநாளாகவும் அமைந்தது. வாசலில் கோலம், கூரையில் காப்புக் கட்டிய வேப்பிலையும் பூளைப்பூவும், முற்றத்தில் புது அடுப்பு. புத்தரிசியும் பாசிப்பருப்பும் வெல்லமும் ஒரு பானையில். மற்றொரு பானையில் வெண்பொங்கல். அடுக்களையில் மொச்சையும் அவரையும் பூசணியும் சிறுகிழங்கும் சேர்த்த குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. இவையெல்லாம் எந்தத் தமிழ் வீட்டிலும் காணக்கூடியவையே. ஆனால் கதிரவனுக்குப் படைக்கும் இடத்துக்குச் சற்றுத் தள்ளி, ஒரு மரப்பலகையின்மேல், மீசை வைத்த வெள்ளைக்காரர் ஒருவரின் படம் இருந்தது. படத்துக்குச் செவ்வந்தி மாலை. படத்தின் முன்னே ஒரு தலைவாழை இலை.

அந்த வீட்டின் மூத்தவர் எண்பதைக் கடந்த ஓர் அம்மையார். வீட்டார் எல்லோருக்கும் அவர் அப்பத்தா. ஆறு வயதுப் பேத்தி ஒருத்தி அவருடைய சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, “அப்பத்தா, இவரும் சாமியா?” என்று கேட்டாள்.

அம்மையார் அடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே விடை சொன்னார். “சாமி இல்லை, தாயி. மழை கொடுத்தது சாமி. அந்த மழையை நம்ம பக்கம் திருப்பிவிட்டவர் இவர். சாமிக்குப் படையல்; இவருக்கு விருந்து.”

நான் படித்த நூல்களில் இத்துணைத் தெளிவாக இவ்வேறுபாட்டைக் கூறிய வரியைக் கண்டதில்லை. வணக்கம் வேறு, நன்றி வேறு. கடவுளுக்கு நாம் கடன்பட்டிருப்பது ஒரு வகை. மனிதனுக்குக் கடன்பட்டிருப்பது வேறொரு வகை. இரண்டையும் குழப்பிக்கொண்டால் மனிதனைத் தெய்வமாக்கி அவனுடைய உழைப்பை மறந்துவிடுவோம். அல்லது எல்லாம் தெய்வச் செயல் என்று சொல்லி மனிதனையே மறந்துவிடுவோம். எழுத்தறியாத அந்த மூதாட்டி இரு பிழையும் செய்யவில்லை.

இனி அந்த விருந்தாளியின் வரலாற்றைக் காண்போம்.

ஜான் பென்னிகுக் 1841-ஆம் ஆண்டு சனவரி 15-இல் பூனாவில் பிறந்தார். ஆங்கிலேயராயினும் பிறந்த மண் இந்திய மண்ணே. பொங்கலன்று பிறந்தவர் என்று பள்ளத்தாக்கில் பலர் கூறுவதுண்டு. அது முற்றும் சரியன்று. நம் சூரிய ஆண்டுக்கும் ஆங்கில ஆண்டுக்கும் உள்ள சிறு வேறுபாட்டினால், தை முதல் நாள் அறுபது எழுபது ஆண்டுகளுக்கு ஒரு நாள் வீதம் ஆங்கிலத் தேதியில் தள்ளிப்போகிறது. 1841-இல் பொங்கல் சனவரி 12-ஐ ஒட்டி வந்திருக்கும். அவர் பிறந்தபோது பொங்கல் முடிந்து சில நாட்களாகியிருந்தன. அவர் பிறந்த நாள் இருந்த இடத்திலேயே இருக்க, பொங்கல் திருநாள்தான் மெல்ல மெல்ல நடந்து அவரிடம் வந்து சேர்ந்திருக்கிறது. இன்று சில ஆண்டுகளில் பொங்கலன்றும், சில ஆண்டுகளில் மாட்டுப் பொங்கலன்றும் அந்நாள் அமைகிறது.

அவருடைய இளமைப் பிறந்த நாள் ஒன்று துயரம் நிறைந்தது. தந்தையாரும் ஜான் பென்னிகுக் என்ற பெயருடையவரே, படைத்தலைவர். 1849 சனவரி 13-இல் பஞ்சாபில் சிலியன்வாலா என்னுமிடத்தில் ஆங்கிலேயருக்கும் சீக்கியருக்கும் நடந்த கடும்போரில் அவர் வீழ்ந்தார். அப்போரில் உடன் சென்ற மகன் அலெக்சாந்தர், பதினேழு வயது இளைஞர், தந்தையின் உடலைக் காத்து நின்றபோது தாமும் மாண்டார். இளைய மகன் ஜானுக்கு எட்டாவது பிறந்த நாள் வருவதற்கு இரண்டு நாட்களே இருந்தன. செய்திகள் வாரக்கணக்கில் பயணம் செய்த காலம் அது. தந்தையும் தமையனும் இவ்வுலகில் இல்லை என்பதை அறியாமலே அச்சிறுவனின் எட்டாவது பிறந்த நாள் கழிந்திருக்கும்.

பின்னர் அவர் ஆங்கில நாட்டில் அடிஸ்கோம் படைப்பள்ளியில் பயின்று, சென்னைப் பொறியாளர் படைப்பிரிவில் சேர்ந்து, 1860-இல் இந்தியாவுக்குத் திரும்பினார். தந்தையும் தமையனும் போருக்கு வாழ்வைத் தந்தனர். இவருடைய பெயரோ நீரோடு சேர்ந்து நிலைத்தது.

மேற்கு மலையில் தோன்றும் பெரியாறு பெருமழை பெறும் ஆறு. அது மேற்கு நோக்கிப் பாய்ந்து அரபிக் கடலில் கலப்பது. மலைக்குக் கிழக்கேயோ மழை குறைவு. வைகை நிலையாக நீர் தரும் ஆறன்று; வெள்ளம் வந்தால் ஒரு நாள், மணல் கிடந்தால் பல திங்கள். மலையின் ஒருபுறம் நீர் மிகுந்து கடலுக்குப் போக, மறுபுறம் நிலம் வறண்டு கிடக்க, இடையே நிற்கும் மலையைக் குடைந்தால் என்ன என்ற எண்ணம் முதலில் ஓர் ஆங்கிலேயருக்குத் தோன்றியதன்று. 1789-இல் இராமநாதபுரம் சேதுபதியின் அமைச்சர் முத்து இருளப்ப பிள்ளை ஆட்களை மலைக்கு அனுப்பி இவ்வழியை ஆராய்ந்தார். கருத்து நன்று, கையில் பொருள் இல்லை. அது நின்றுபோயிற்று. பென்னிகுக்கின் படத்துக்கு மாலையிடும்போது இத்தமிழ் அமைச்சரையும் ஒரு கணம் நினைத்தல் வேண்டும்.

1808-இல் கால்டுவெல் என்னும் படைத்தலைவர் இடத்தைப் பார்வையிட்டு, இஃது ஆகாத வேலை என்று எழுதிவிட்டார். 1850-இல் பேபர் என்பவர் சிறிய அளவில் வேலையைத் தொடங்கினார். காய்ச்சல் வந்து வேலையாட்களைச் சிதறடித்தது. 1860-க்குப் பின் ரைவ்ஸ் என்பவர் விரிவான திட்டம் ஒன்று வகுத்தார். அது ஏட்டிலேயே கிடந்தது. இவ்வாறு காலம் போய்க்கொண்டிருந்தபோது 1876 முதல் 1878 வரை தென்னாட்டைப் பெரும் பஞ்சம் வாட்டியது. இலட்சக்கணக்கானோர் மாண்டனர். அப்பஞ்ச காலத்திலும் இந்நாட்டுத் தானியம் கப்பலேறிக்கொண்டிருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். பஞ்சத்துக்குப் பிறகே ஏடு மீண்டும் திறக்கப்பட்டது. 1882-இல் பென்னிகுக்கிடம் திட்டத்தைத் திருத்தி வகுக்கும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது.

அணை கட்டவேண்டிய இடம் திருவிதாங்கூர் அரசுக்கு உரியது. எனவே 1886 அக்டோபர் 29-இல் திருவிதாங்கூர் மன்னருக்கும் ஆங்கில அரசாங்கத்துக்கும் இடையே குத்தகை உடன்படிக்கை எழுதப்பட்டது. 8,000 ஏக்கர் நிலம். ஏக்கருக்கு ஆண்டொன்றுக்கு ஐந்து ரூபாய். காலம் 999 ஆண்டுகள். மறு ஆண்டே வேலை தொடங்கிற்று.

வேலை நடந்த இடத்தின் நிலையைச் சற்று மனக்கண்ணால் காணுங்கள். யானையும் புலியும் திரியும் அடர்ந்த காடு. சாலை இல்லை. ஆண்டில் பாதி நாள் மழை. ஆறு சற்றே பெருகினால் தற்காலிகமாகக் கட்டிய அணைகள் அடித்துக்கொண்டு போகப்படும். மறுபடியும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். இவ்வாறு நேர்ந்தது ஒருமுறையன்று, பலமுறை. சென்னைப் பயனியர் படையினர் வந்தனர். கொச்சியிலிருந்து போர்ச்சுக்கீசியத் தச்சர்கள் வந்தனர். மதுரைச் சீமையிலிருந்தும் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தும் கூலியாட்கள் வந்தனர். சுண்ணாம்பும் கருவிகளும் அடிவாரத்திலிருந்து மலைமேல் ஏற்றப்பட்டன. கல்லும், சுண்ணாம்பும் செங்கற்பொடியும் குழைத்த காரையும் கொண்டு ஆற்றுப் படுகையிலிருந்து 155 அடி உயரமும் ஏறத்தாழ 1,200 அடி நீளமும் உள்ள அணை எழுந்தது. தேங்கிய நீரைக் கிழக்கே கொணர ஒரு மைலுக்கும் மேற்பட்ட நீளமுள்ள சுரங்கம் பாறையில் குடையப்பட்டது. 1895 அக்டோபர் 10-இல் சென்னை ஆளுநர் வென்லாக் பிரபு அதனைத் திறந்துவைத்தார்.

அன்று முதல் மேற்கே போகவேண்டிய நீர் மலையைத் துளைத்துக் கிழக்கே இறங்கி, முல்லையாற்றோடு சேர்ந்து, உத்தமபாளையத்தைத் தொட்டுக்கொண்டு வைகைக்குச் செல்கிறது. பள்ளத்தாக்கில் மட்டும் 14,707 ஏக்கர் இருபோக நெல் விளையும் நிலம் இந்நீரை நம்பியிருக்கிறது. அதனினும் பன்மடங்கு பரப்பு மதுரை, மேலூர்ப் பகுதிகளில் இதனால் பாசனம் பெறுகிறது. பேத்தி கேட்ட கேள்விக்குப் பானையில் கொதித்துக்கொண்டிருந்த அரிசியே விடை.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லாமல் போகக்கூடாது. அரசாங்கம் பணம் தர மறுத்தபோது பென்னிகுக் தம் சொத்துகளையும் மனைவியின் அணிகலன்களையும் விற்று அணையைக் கட்டி முடித்தார் என்று பள்ளத்தாக்கில் எல்லோரும் சொல்வர். அன்று அந்த வீட்டிலும் சொன்னார்கள். அக்கதையை நம்பி உள்ளம் உருகாதவர் இல்லை. ஆயினும் அக்கால அரசாங்க ஏடுகள், அணை அரசாங்கச் செலவில் கட்டப்பட்டதாகவே காட்டுகின்றன. சொத்து விற்ற செய்திக்கு அக்கால ஆவணங்களில் சான்று கிடைக்கவில்லை. நீரால் வரி வருவாய் பெருகும் என்ற கணக்கும் அரசாங்கத்துக்கு இருந்தது.

இதனை எண்ணி நாம் வருந்தவேண்டுமா? வேண்டியதில்லை என்பது என் கருத்து. நகையை விற்றால்தான் ஒருவர் நன்றிக்குரியவர் என்பதில்லை. பதின்மூன்று ஆண்டுகள் ஒரே வேலையில் மனத்தை ஊன்றி, வெள்ளம் அடித்துச் சென்றதை மீண்டும் மீண்டும் கட்டி, பிறர் ஆகாது என்று கைவிட்டதை ஆகும் என்று காட்டியது போதாதா? மக்கள் ஏன் நகைக் கதையைப் படைத்தார்கள் என்றும் எண்ணிப் பார்க்கவேண்டும். நம் வீடுகளில் இக்கட்டு வந்தால் முதலில் அடகுக்குப் போவது தாலிக்கொடி ஒழிந்த மற்ற நகைகளே. பிள்ளைகளுக்காகத் தாய் நகையைக் கழற்றித் தருவாள். அவர் நமக்குச் செய்தது தாய் தந்தையர் செய்வதைப் போன்றது என்று சொல்ல உழவர்க்குத் தெரிந்த மொழி அதுதான். வரலாறு அக்கதையை ஏற்காது. ஆனால் அக்கதை பிறந்த நெஞ்சத்தை வரலாறு இகழவும் கூடாது.

நான் இதனைப் பக்குவமாக எடுத்துச் சொன்னேன். வீட்டுத் தலைவர் சற்று முகம் வாடினார். அப்பொழுது கையில் ஒரு கூடைத் திராட்சையுடன் உள்ளே வந்தார் பக்கத்து வயலுக்குரிய ராவுத்தர். வீட்டுப் பிள்ளைகள் “வாங்க மாமா” என்று எழுந்து நின்றார்கள். ராவுத்தர் திண்ணையில் அமர்ந்து நாங்கள் பேசியதைக் கேட்டார். பிறகு, “நகையை விற்றாரோ இல்லையோ, நமக்குத் தெரியாது. என் வயலில் தண்ணீர் நிற்கிறது. அது எனக்குத் தெரியும். மழையை இறக்குவது இறைவன். மதகைத் திறக்க மட்டும் மனிதனை வைத்திருக்கிறான். நன்றாகத் திறந்தவனுக்கு நல்லது சொல்வதில் மார்க்கத்துக்கு என்ன குறை?” என்றார். வீட்டுத் தலைவரின் முகம் தெளிந்தது.

படத்திலிருந்தவர் கிறித்தவர். அவருக்கு முன் பொங்கல் வைத்தவர் காளாத்தீசுவரரை வணங்குபவர். அருகமர்ந்து நல்லது சொன்னவர் பள்ளிவாசலுக்குச் செல்பவர். யாரும் தம் நம்பிக்கையை மாற்றிக்கொள்ளவில்லை. யாரும் பிறர் நம்பிக்கையைத் திருத்தவும் முற்படவில்லை. நன்றி என்னும் உணர்வு எல்லாச் சமயங்களுக்கும் வாசல் வைத்த வீடு போலும். வள்ளுவர் செய்ந்நன்றியறிதலுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். நன்மை செய்தவர் எக்குலத்தார், எந்நாட்டார் என்ற கேள்விக்கு அவர் அங்கே இடமே தரவில்லை.

ஆனால் என் உள்ளத்தில் வேறொன்று உறுத்திக்கொண்டிருந்தது. அணை வேலையின்போது நோயினால் மட்டும் 483 பேர் இறந்தனர் என்று குறிப்பு உள்ளது. அணைக்கு வடக்கே காட்டுக்குள் அவர்களுக்கு ஓர் இடுகாடும் உண்டு. பென்னிகுக் 1911 மார்ச் 9-இல் ஆங்கில நாட்டில் கேம்பர்லியில் மறைந்தார்; அருகிலுள்ள பிரிம்லி ஊர்த் தேவாலயத்து மண்ணில் அவர் கல்லறை இருக்கிறது. லோயர் கேம்ப் என்னுமிடத்தில் 2013 சனவரி 15-இல் அவருக்கு மணிமண்டபம் திறக்கப்பட்டது. 2022-இல் தமிழ்நாட்டு அரசு கேம்பர்லியிலும் அவர் சிலையை நிறுவியது. தேனிப் பேருந்து நிலையம் அவர் பெயரைத் தாங்குகிறது. எல்லாம் தகும். ஆனால் கல் சுமந்தவர், காரை குழைத்தவர், மலைக்காய்ச்சலில் நடுங்கி மடிந்தவர் ஆகியோரின் பிறந்த நாள் எது? அவர் பெயர்தாம் யாவை?

இதனை நான் சொன்னபோது அப்பத்தா கரண்டியைக் கீழே வைத்தார். “என் மாமனாருக்குத் தாத்தா ஒருவர் சுண்ணாம்பு வண்டி ஓட்டிக்கொண்டு மலைக்குப் போனாராம். மாடு மட்டும் திரும்பி வந்தது என்பார்கள்” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அந்த வீட்டில் அவருடைய படம் இல்லை. அக்காலத்தில் வண்டியோட்டியைப் படம் பிடித்தவர் யார்?

நீரைப் பற்றிப் பேசும்போது நீர் தேங்கியிருக்கும் பக்கத்தையும் மறத்தல் ஆகாது. அணைக்குக் கீழே மலையாள நாட்டில் வாழ்வோர்க்கு இந்தப் பழைய அணையைப் பற்றிய அச்சம் உண்டு. அதுபற்றி இரு மாநிலங்களுக்கும் இடையே நெடுங்காலம் வழக்கு நடந்தது; 2014 மே 7-இல் உச்ச நீதிமன்றம் அணை பாதுகாப்பாகவே உள்ளதென ஏற்று, நீர்மட்டத்தை 142 அடி வரை உயர்த்தலாம் என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு ஒருபுறம் இருக்க, அங்கேயும் ஒரு வீட்டில் ஒரு பாட்டி பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு மழைச் சத்தத்தைக் கேட்டபடி உறங்காதிருப்பாள் என்பதை நாம் நினைவில் கொள்ளவேண்டும். அணையைக் கண்ணும் கருத்துமாகப் பேணிக் காப்பதே அவளுக்கும் செய்யும் நன்மை, அணை கட்டியவருக்கும் செலுத்தும் நன்றி.

பானை பொங்கிற்று. பிள்ளைகள் “பொங்கலோ பொங்கல்” என்று கூவினார்கள். கதிரவனுக்குப் படையல் முடிந்தது. படத்தின் முன்னிருந்த இலையில் சர்க்கரைப் பொங்கலும் வெண்பொங்கலும் குழம்பும் கரும்புத் துண்டும் திராட்சையும் வைத்தார்கள். அப்போது பேரன் ஒருவன், கல்லூரியில் படிப்பவன், “அப்பத்தா, உங்கள் பிறந்த நாள் என்றைக்கு?” என்று கேட்டான்.

“யாருக்குத் தெரியும்? அறுப்பு நடந்துகொண்டிருந்தபோது பிறந்தேன் என்று என் அம்மா சொல்லுவாள். எந்த அறுப்பு என்று அவளுக்கும் நினைவில்லை.”

நம் முன்னோரில் பெரும்பாலோர் நிலை இதுதான். பள்ளியில் சேர்த்த ஆசிரியர் எழுதிக்கொண்ட நாளே பலருக்குப் பிறந்த நாள். பள்ளிக்கே போகாதவர்க்கு அதுவும் இல்லை. பேரன், “அப்படியானால் இன்றைக்கே உங்களுக்கும் பிறந்த நாள் என்று வைத்துக்கொள்வோம்” என்றான். அம்மையார் உடனே மறுத்துவிட்டார். “அவருடைய நாளை நான் எடுத்துக்கொள்ளலாமா? அது முறையில்லை.”

சற்று நேரம் அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மருமகளை அழைத்து, “இன்னொரு இலை போடம்மா” என்றார். இலை வந்தது. படத்துக்கு அருகே, படமே இல்லாத வெற்றுப் பலகையின் முன் அதை விரித்தார். “செத்த நாள் தெரியாதவர்களுக்கு அமாவாசையில் எள்ளும் தண்ணீரும் விடுகிறோமே, பிறந்த நாள் தெரியாதவர்களுக்கு மட்டும் ஒரு நாள் வேண்டாமா? மாமனாரின் தாத்தா, அவரோடு மலைக்குப் போய்த் திரும்பாதவர்கள், எல்லோருக்கும் இன்றைக்கே என்று இருக்கட்டும்” என்றார். பிறகு சிறிது நகைத்து, “அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தி” என்று சேர்த்துக்கொண்டார்.

இரண்டாவது இலையிலும் முதல் இலையில் இட்டவை எல்லாம் குறையாமல் இடப்பட்டன. பேத்தி திராட்சைக் கொத்து ஒன்றை எடுத்து அதில் வைத்தாள். ராவுத்தர் எழுந்து நின்று ஒரு கணம் கண்களை மூடினார், வீட்டார் கைகூப்பினார்கள். யார் எவரை நினைத்து என்ன வேண்டினார்கள் என்பது அவரவர்க்கும் இறைவனுக்கும் தெரியும். பின்னர் எல்லோரும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்டோம்.

பழைய மன்னர் தம் பிறந்த நாளில் வெள்ளாடை உடுத்தார், சினம் தவிர்ந்தார், சிறை திறந்தார். அவர்களுடைய வெற்றிகள் ஏடுகளில் உள்ளன. உத்தமபாளையத்து உழவர் வீட்டில் அன்று திறக்கப்பட்டதும் ஒரு சிறைதான். மறதி என்னும் சிறையில் நூறாண்டுகளுக்கு மேலாகக் கிடந்தவர்கள் ஒரு வாழையிலையின் முன்னே விடுதலை பெற்றார்கள். புகழ் பெற்ற ஒருவரின் பிறந்த நாளைக் கொண்டாடுவது நன்று. அவரோடு உழைத்துப் பெயர் பெறாதவர்களுக்கும் அந்நாளில் ஓர் இலை விரிப்போமாயின் அக்கொண்டாட்டம் நிறைவு பெறும்.

அந்தியில் விடைபெற்றுக்கொண்டு ஆற்றுப்பாலத்தைக் கடந்து வந்தேன். கீழே முல்லையாறு சலசலத்துக்கொண்டிருந்தது. அரபிக் கடலுக்குப் போகவேண்டிய நீர். அது யாருடைய அறிவால், யாருடைய தோளால், யாருடைய உயிரால் இந்தப் பக்கம் திரும்பியது என்று நினைத்துப் பார்த்துக்கொண்டே நெடுநேரம் அங்கே நின்றிருந்தேன்.